அர்ஜெந்தாவுக்குப் பசிக்காது

"கண்ணாடிக் குடுவையில பொறந்தவளுக்கு ஏதுங்க மனசு?" என்று குழைந்தாள் அர்ஜெந்தா. "இருந்தும் பாருங்க, உங்களைக் கண்டா மட்டும் இங்க என்னமோ செய்யுது. வாங்க, பக்கத்துல உக்காருங்க. அந்தச் சாவி எங்க இருக்குன்னு என் காதுல மட்டும்..."

கொர்ர்ர்ர்.

திரையில் அர்ஜெந்தாவின் சிவந்த உதடுகள் ஒலியில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. ஒலிப்பதிவு அறையில் யாரும் அசையவில்லை. ஸ்பீக்கரில் இயக்குநர் ஹோசகாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அது வந்து... ஏதோ சத்தம் விழுந்துடுச்சுங்க. இன்னொரு தடவை..."

"மன்னிச்சிடுங்க!" மைக்கின் முன்னால் நின்றிருந்த குமகாய் சயோகோ இடுப்பு வரைக்கும் குனிந்தாள். "என் வயிறுதான்! மன்னிச்சிடுங்க!"

ஸ்பீக்கர், "ஓஹோ... உங்க வயிறா? சரிங்க, சரிங்க, பரவாயில்லைங்க" என்றது.

சத்தம் என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் மன்னிப்புக் கேட்டுவிடுவது சயோகோவுக்குக் கைவந்த கலை. ரயிலில் தன் காலை மிதித்தவனிடம், கால் நடுவில் இருந்ததற்காக மன்னிப்புக் கேட்கிற பிறவி. டோக்கியோவில் அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு என்றாலும், அவர்களுக்கே சயோகோ கொஞ்சம் அதிகம்.

இருபது வருடத்துக்கு மேலாகக் குரல் நடிகை. 'எழுந்திரு, ஸ்கூலுக்கு நேரமாச்சு' என்று கதவைத் தட்டும் அம்மாக்கள், காய்கறிக்கடைக்காரிகள், கூட்டத்தில் 'ஐயோ டிராகன்!' என்று கத்தும் பொம்பளைகள், இரண்டு பூனைகள், ஒரு தடவை பேசும் அரிசிக் குக்கர். இதுதான் இதுவரை செய்ததெல்லாம். குக்கருக்கு நல்ல பெயர் கிடைத்தது. நல்ல பெயரோடு சரி, அடுத்த வாரம் மறுபடியும் அம்மாதான்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் ஒரு கார்ட்டூன் தொடரில் வந்து வாய்த்த வில்லிதான் அர்ஜெந்தா. வெள்ளியும் மெழுகும் மூன்று சொட்டு ரத்தமும் சேர்த்து ஒரு ரசவாதி குடுவையில் காய்ச்சி எடுத்த செயற்கை மனுஷி. பசிக்காது, தூக்கம் வராது, வெட்கம் கிடையாது. ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். ராஜா முதல் காவல்காரன் வரை தானாக வந்து வலையில் விழுவான்.

வீட்டில் சுவர் மெல்லிசு என்பதால், மெத்தை வைக்கும் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு சயோகோ ஒத்திகை பார்ப்பாள். 'கிட்ட வாங்க... நீங்க என்ன கேட்டாலும் தரேன்' என்று உள்ளிருந்து குரல் வர, நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவன் தெத்சுவோ வெளியே தேநீர்க் கோப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்லையே!"

"நீங்க குடுவையிலயா பொறந்தீங்க? போய் மீனைத் திருப்பிப் போடுங்க."

அவள் மனசுக்குள் இருந்த சந்தோஷம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அர்ஜெந்தாவாகப் பேசும்போது முதுகு நிமிர்ந்துகொள்ளும். யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தோன்றாது.

அந்த அர்ஜெந்தாவின் உயிர்தான் இன்று ஊசலாடிக்கொண்டிருந்தது. கதாசிரியர்கள் முடிவை இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றில் குடுவை உடைந்து அர்ஜெந்தா கரைந்துபோவாள். இன்னொன்றில் தப்பித்து, தொடரின் அடுத்த பருவம் முழுக்க ஆட்டிப் படைப்பாள். 'நாளைக்கு ரெக்கார்டிங் எப்படி வருதுன்னு பார்த்துட்டு ஹோசகா சொல்லப் போறாராம். சொதப்பிடாதீங்க' என்று ஏஜென்சியிலிருந்து நேற்றே போன் வந்துவிட்டது. அந்தக் கலவரத்தில் காலையில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வெறும் தேநீரோடு கிளம்பி வந்திருந்தாள்.

"வயிறு பண்ணின வேலைதான்" என்று சயோகோ பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து மைக்கில் நின்றிருந்த முராசேயிடம் தனியாக இன்னொரு தடவை குனிந்தாள். "ஐயா, உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்."

முராசே சாதாரண ஆளில்லை. எழுபத்தாறு வயது. அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று தாத்தாவாக இருக்கிறார்கள். அவர் உள்ளே வந்தால் இயக்குநர்கூட எழுந்து நிற்பார். இந்தக் கதையில் அர்ஜெந்தாவிடம் மயங்கிச் சாவியைக் கொடுத்துவிடும் கிழட்டு அரண்மனை மந்திரவாதி அவர்தான்.

"அ... அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று அவர் காது வரை சிவந்துபோய்த் தரையைப் பார்த்தார். ஒரு பெண்ணின் சங்கடத்தைக் கண்கொண்டு பார்க்கக்கூட மனம் வராத பெரிய மனுஷர் என்று சயோகோ உருகிப்போனாள்.

மறுபடியும் ஆரம்பித்தார்கள். ரகசியம் பேசுகிற காட்சி. அர்ஜெந்தா குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, ஹோசகா மைக்கைக் கூட்டச் சொல்வார். அந்த நேரத்தில் எறும்பு தும்மினாலும் பதிவாகிவிடும்.

"...என் காதுல மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும்..."

கொர்ர்ர்ர்ரூ?

இந்த முறை சத்தம் நீளமாக வந்து, கடைசியில் ஏதோ கேள்வி கேட்பதுபோல முடிந்தது.

"மன்னிச்சிடுங்க! மறுபடியும் நான்தான்!"

இளவரசி வேஷத்துக்குப் பேசும் மிநோரி சோபாவிலிருந்து எழுந்து வந்தாள். இருபத்துநாலு வயது. வாய் நீளம், மனசு தங்கம்.

"அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"டீயா! வெறும் வயித்தோட மைக் முன்னாடி வந்து நிப்பாங்களா யாராவது? நானெல்லாம் சோத்து உருண்டை ரெண்டை உள்ள தள்ளாம லிஃப்ட்லயே ஏற மாட்டேன். இந்தாங்க, புளிப்புப் பழம் வெச்சது. ஓரமாப் போய் முழுங்கிட்டு வாங்க."

சயோகோ உருண்டையைக் கையில் வாங்கினாள். பெரியவர் எதிரில் தான் மட்டும் தின்பதா? இரண்டு கையாலும் முராசேயிடம் நீட்டினாள். "ஐயா, நீங்க முதல்ல..."

"எனக்கா? வேண்டாம் வேண்டாம். எனக்கு வயிறு கும்முனு இருக்கு" என்று முராசே முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகம் திரும்பியதே தவிர, கண் அந்த உருண்டையை விட்டு நகரவில்லை. சயோகோ சுவர்ப்பக்கம் திரும்பி நான்கே வாயில் விழுங்கினாள்.

மூன்றாவது தடவை உருண்டையில் சுற்றியிருந்த கடற்பாசி பல்லில் ஒட்டிக்கொண்டதால் 'சாவி' என்பது சரியாக வரவில்லை. அதைத் துப்புரவாக்கிவிட்டு நான்காவது தடவை பேசினால், பழையபடி கொர்ர்ர்ர்.

"மன்னிச்சிடுங்க! இப்பத்தானே சாப்பிட்டேன், இது என்ன வயிறோ தெரியல!"

"அது பசிச் சத்தம் இல்லக்கா, ஜீரணச் சத்தம்" என்றாள் மிநோரி, டாக்டருக்குப் படித்தவள் மாதிரி. "இதுக்குத் தலையணைதான் மருந்து."

எல்லா ஸ்டுடியோவிலும் இந்த மாதிரி சமயத்துக்கென்றே சோபாவில் தலையணை கிடக்கும். இங்கே கிடந்தது பூசணிக்காய் வடிவத்தில், சிரிக்கும் முகம் தைத்த ஒன்று. சயோகோ அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உலகத்தையே மயக்கும் குரலில் பேச ஆரம்பித்தாள்.

கொர்ர்ர்.

"அழுத்திப் பிடிக்கணும்க்கா!"

"ரெண்டு கையாலயும் பிடிச்சா ஸ்கிரிப்டை எந்தக் கையால புரட்டறது?"

"இருங்க" என்று மிநோரி, யாரோ விட்டுப்போன கம்பளி மப்ளரை எடுத்து, தலையணையைச் சயோகோவின் வயிற்றோடு சேர்த்து முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டாள். போட்டது முடிச்சு அல்ல, மாட்டைக் கட்டுகிற கட்டு. சயோகோவுக்கு மூச்சு பாதிதான் உள்ளே போனது.

"பக்கத்துல... ஹா... வாங்க. உங்க கையை... ஹா... குடுங்க."

ஸ்பீக்கர் துள்ளியது. "குமகாய்சான்! அந்த மூச்சு! பிரமாதம்! இதைத்தான் நான் ஆரம்பத்துலயிருந்து கேட்டுட்டு இருந்தேன். அப்படியே பிடிச்சுக்குங்க!"

அவ்வளவுதான், கட்டை அவிழ்க்க வழியில்லாமல் போய்விட்டது. கலைக்காக மூச்சுத் திணறியபடி சயோகோ அடுத்த தடவைக்கு நின்றாள். காட்சி நூல் பிடித்தாற்போல் போனது. முராசே உருகினார். அர்ஜெந்தா சிரித்தாள். இன்னும் ஒரே ஒரு வசனம்.

கொர்ர்ர்ர்ர்ர்.

"மன்னிச்..." என்று குனியப்போன சயோகோவைப் பூசணிக்காய் குனியவிடவில்லை. அமுங்கிக் கிடந்த சோற்று உருண்டையும் சேர்ந்து சதி செய்தது. "மன்னிச்... விக்! மன்னிச்சிடு... விக்!"

விக்கல் பிடித்துக்கொண்டது.

"பத்து நிமிஷம் இடைவேளை விடலாம்" என்றார் ஹோசகா, ரொம்பக் களைத்த குரலில்.

சயோகோ தாழ்வாரத்துக்கு ஓடினாள். டம்ளரின் அந்தப்பக்க விளிம்பில் வாய் வைத்துத் தலைகீழாகத் தண்ணீர் குடித்ததில் பாதி மூக்குக்குள் போனது, மீதி பூசணிக்காயின் மீது கொட்டியது. விக்கல் நின்றபோது திரும்பிப் பார்த்தால், கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடைவேளையை வீணாக்காமல் முராசேயின் தனி வசனங்களை எடுக்கிறார்கள் போலிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முராசே பேசுகிறார், நிறுத்துகிறார், மறுபடி பேசுகிறார். அப்பால் ஹோசகா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'என்னாலதான் மனுஷனுக்குத் தலைவலியே வந்துடுச்சு' என்று சயோகோவுக்கு அடிவயிறு கலங்கியது. கலங்கியதும் ஒருவேளை சத்தம் போடுமோ என்று பூசணிக்காயை அமுக்கிக்கொண்டாள்.

சாகட்டும் என்று முடிவு செய்திருப்பார். கரைந்துபோகும் அர்ஜெந்தாவை நினைத்தால் பெற்ற பெண்ணைப் பறிகொடுக்கிற மாதிரி இருந்தது. நாளையிலிருந்து மறுபடி அம்மாக்கள். ஒருவேளை குக்கருக்கு இரண்டாம் பாகம் எடுத்தாலும் எடுப்பார்கள்.

சிவப்பு விளக்கு அணைந்ததும் உள்ளே போனாள். மற்ற நடிகர்கள் காபி எந்திரத்தைத் தேடி வெளியே போயிருந்தார்கள். முராசே மட்டும் மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில் தொய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

வேலை முடிந்ததும் எல்லாருக்கும் கொடுப்பதற்காக, தன் தெருக் கடையிலிருந்து இனிப்புப் பயறு வைத்த பன் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள் சயோகோ. வெறுங்கையோடு வந்து நிற்பது மரியாதையில்லை என்பது அவள் கட்சி. இப்போது மரியாதையைப் பார்த்தால் அர்ஜெந்தாவைப் பார்க்க முடியாது. வயிற்றை அடைத்தே தீரவேண்டும். பெட்டியைத் திறந்தாள். பன்னின் இனிப்பு வாசனை அறையெல்லாம் பரவியது.

முராசேயின் மூக்கு தன்னால் நிமிர்ந்தது.

"ஐயா, ஒண்ணு எடுத்துக்குங்க."

"கூடாதும்மா" என்றார் அவர். "டாக்டர் என்னமோ சொன்னார்னு வீட்டுல சத்தியம் வாங்கிட்டா. இனிப்பு கூடாது, சோறு கூடாது, ரொட்டி கூடாது. ஒரு வாரமா முள்ளங்கியும் அது வெந்த தண்ணியும்தான்."

"ஒண்ணே ஒண்ணு?"

"வீட்டுக்காரிக்கு மூக்கு நாய் மூக்கு. கண்டுபிடிச்சிடுவா. நீ சாப்பிடும்மா."

"நீங்க பார்த்துட்டு இருக்கும்போது நான் மட்டும் எப்படிங்க சாப்பிடறது?"

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"ஐயோ, அது இன்னும் பாவமில்லையா!"

இவர் சாப்பிடாமல் இவளால் சாப்பிட முடியாது. இவள் சாப்பிடாவிட்டால் வயிறு கத்தும். வயிறு கத்தினால் குடுவை உடையும். சயோகோ கையைப் பிசைந்தாள், கெஞ்சினாள், மூன்று முறை குனிய முயன்றாள். பெரியவர் அசையவில்லை. சத்தியம் என்றால் சத்தியம் என்று பன்னையே வெறித்துப் பார்த்தபடி இருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. அவளைக் கேட்காமலே அவள் முதுகு நிமிர்ந்தது. குரல் ஒரு படி கீழே இறங்கியது.

"ஏங்க..." என்றாள் அர்ஜெந்தா. "வீடு எங்கயோ இருக்கு. இங்க நீங்களும் நானும்தானே இருக்கோம்?"

முராசே திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு கடி. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவளுக்கு... வாசனை..."

"என்கிட்ட புதினா மிட்டாய் இருக்கு. உதட்டுல ஒட்டினதைத் துடைக்கத் துணி இருக்கு. வாழ்நாள் பூரா எல்லாருக்காகவும் கட்டுப்பாடா இருந்துட்டீங்க. இன்னிக்கு ஒரு நாள் உங்களுக்காக இருக்கக்கூடாதா? வாயைத் திறங்க."

அரண்மனை மந்திரவாதி கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

ஒரு கடி ஒரு பன்னாயிற்று. ஒரு பன் மூன்றாயிற்று. மூன்றாவது பன்னில் அவர் கண்ணோரம் ஈரமாக இருந்ததைச் சயோகோ பார்த்தாள். அவளும் ஒன்றைச் சாப்பிட்டு முடித்தாள். முடித்த கையோடு தான் என்ன குரலில் யாரிடம் பேசினோம் என்பது உறைக்க, மறுபடி பழைய சயோகோவாகிப் பதறினாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க! பெரியவங்ககிட்ட வாய்க்கு வந்தபடி..."

முராசே எழுந்து நின்றார். அவளைவிடத் தாழ்வாக அவர் குனிந்து வணங்கினார்.

"குமகாய்சான், நீங்க பண்ணின உபகாரத்தை என் உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மூன்று பன்னுக்கு இவ்வளவா என்று சயோகோவுக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு வாரம் முள்ளங்கித் தண்ணீர் குடித்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். மிநோரி வாசனை பிடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

"கண்ணாடிக் குடுவையில பொறந்தவளுக்கு ஏதுங்க மனசு?"

சயோகோ பூசணிக்காயை மறந்தாள். வயிற்றை மறந்தாள். இதுதான் அர்ஜெந்தாவின் கடைசி நாளென்றால் நன்றாக வாழ்ந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். குரல் பட்டுநூலாக இழைந்தது. முராசேயோ, வாழ்க்கையிலேயே முதல்தடவையாக ஏமாறுகிறவர்போல, அவ்வளவு ஆசையாக ஏமாந்தார். 'சாவி கிழக்குக் கோபுரத்துல, மூணாவது படிக்குக் கீழ' என்று அவர் கிசுகிசுத்தபோது மிநோரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு சத்தம் இல்லை. கடைசி வசனம் முடிந்து, திரை இருண்டு, அதற்கப்புறமும் இல்லை.

"ஓகே" என்றது ஸ்பீக்கர். அப்புறம் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாருமே தட்டினார்கள்.

ஹோசகா கதவைத் திறந்துகொண்டு தானே உள்ளே வந்தார். அவர் அப்படி வருகிற ஆளில்லை.

"குமகாய்சான், அர்ஜெந்தா சாக மாட்டா. அடுத்த பருவம் முழுக்க நீங்கதான்."

"நிஜமாவா? என் வயிறு இவ்வளவு தொந்தரவு பண்ணியுமா?"

ஹோசகா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பாருங்க, பாருங்க! இப்பவும் விட்டுக்குடுக்கறாங்களா பாருங்க! நடிப்புன்னா இதுதான்யா. இவங்களை விட்டுட்டு நான் வேற வில்லியை எங்க போய்த் தேடறது?"

"அர்ஜெந்தா செத்தா அடுத்த நாளே மந்திரவாதியும் செத்துடுவான்" என்றார் முராசே, மீசையில்லாத உதட்டைத் துடைத்தபடி. "எனக்குப் பதிலா வேற ஆளைப் பார்த்துக்க வேண்டியதுதான்."

கேலி செய்கிறார்களா பாராட்டுகிறார்களா என்று சயோகோவுக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லார் பக்கமும் ஒரு சுற்றுக் குனிந்துவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து தெத்சுவோவுக்குப் போன் போட்டாள். பணிமனையில் பேருந்துகள் உறுமுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, சாகல!"

"யாரு சாகல?"

"நான்தான்!"

"நல்ல சேதிதானே? வரும்போது நல்ல மீனா வாங்கிட்டு வா. கொண்டாடிடலாம்" என்றான் தெத்சுவோ. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் குரல்ல ஒரு வார்த்தை சொல்லேன்" என்றான்.

"போனை வைங்க."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் கால் வைக்கப்போனவளை யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து நிறுத்தினார்கள். ஒலிக்கருவிகளின் முன்னால் காலையிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நிஷிவாகி என்கிற பெண்.

"அக்கா, பூசணிக்காய்!"

சயோகோ குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு வெளியே பூசணிக்காய் சிரித்துக்கொண்டிருந்தது. இதோடு ரயிலேறி மீன்கடைக்குப் போயிருப்பாள்.

நிஷிவாகி பின்னால் வந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அது சுலபமாக அவிழ்கிற முடிச்சில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இடைவேளையில மைக்கை அணைக்க மறந்துட்டேன். நீங்க ஐயாவுக்குப் பன் ஊட்டினது எல்லாத்தையும் உள்ள உக்காந்து கேட்டுட்டோம்."

"ஐயையோ! அந்தக் குரல்ல பேசினதையுமா?"

"இயக்குநருக்கு அழுகையே வந்துடுச்சு. காலையிலருந்து நாங்க தவிச்ச தவிப்பு எங்களுக்குத்தான் தெரியும். அவ்வளவு பெரியவர்கிட்ட யாரு போய் எப்படிச் சொல்றது?"

"என்னத்தைச் சொல்றது?"

முடிச்சு அவிழ்ந்தது. நிஷிவாகி தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அந்த வயித்துச் சத்தம் அத்தனையும் முராசே ஐயா மைக்லதான் விழுந்துச்சுன்னு கருவியைப் பார்த்து எங்களுக்குத் தெரிஞ்சுது, ஆனா நீங்க எப்படிக்கா முதல் சத்தத்துலயே கண்டுபிடிச்சு, 'என் வயிறு'ன்னு சட்டுனு பழியை ஏத்துக்கிட்டீங்க?"